நிணநீர்க் கணுக்களும் எச்.ஐ.வி. வைரஸும்

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறு வீங்குபவை நிணநீர்க் கணுக்கள். அவரை விதை வடிவான இச்சிறு உறுப்புகள் கழுத்து, அக்குள், மார்பு, வயிறு முதலிய இடங்களில் பல நூறு உள்ளன. திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டிக் கிருமிகளைத் தடுப்பதும், அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களைப் பெருக்குவதும் இவற்றின் பணியாகும். புண் ஆறியதும் நெறி வற்றிவிடுகிறது. எச்.ஐ.வி. தொற்றிலோ நிலைமை வேறு.

கணுவினுள் நிகழ்வது

எச்.ஐ.வி. முதன்மையாகத் தாக்குவது சி.டி.4 எனப்படும் வெள்ளணுக்களை. எதிர்ப்புப் படையின் மற்ற அணுக்களை ஏவி நடத்துபவை இவையே. உடலிலுள்ள நிணநீர் வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கே இரத்தத்தில் ஓடுகின்றன. மற்றவை பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களிலும், மண்ணீரல், குடற்சுவர் முதலியவற்றிலும் தங்கியுள்ளன.

தொற்றிய சில நாட்களில் வைரஸ் கணுக்களை அடைகிறது. அங்குள்ள கிளைத்த வடிவமுடைய சில அணுக்கள், வைரஸ் துகள்களைத் தம் மேற்பரப்பில் பிடித்து வைக்கின்றன. பகைக் கிருமியை வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டவே இயற்கை அமைத்த ஏற்பாடு இது. ஆனால் இங்கு அதுவே தீமையாக முடிகிறது. எதிர்க்க வரும் சி.டி.4 அணுக்கள் அவ்விடத்திலேயே தொற்றுக்கு இரையாகின்றன. அருகிலுள்ள மற்ற அணுக்களும் மடிகின்றன. நீடித்த அழற்சியால் கணுவினுள் தழும்பு போன்ற நார்த்திசு படிந்து, வெள்ளணுக்களைப் பேணும் வலையமைப்பு குலைகிறது. சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்குச் சி.டி.4 எண்ணிக்கை மெதுவாகவே உயர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அமைதியாகத் தோன்றும் ஆண்டுகள்

தொற்றிய சில வாரங்களில் காய்ச்சலும் நெறியும் தோன்றி மறையலாம். பிறகு சிகிச்சை பெறாதவரும் பல ஆண்டுகள் நலமாகவே காணப்படக்கூடும். இக்காலத்தில் வைரஸ் உறங்குகிறது என்று முன்னர்க் கருதப்பட்டது. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவுகள் இக்கருத்தை மாற்றின. இரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தவர்களின் நிணநீர்க் கணுக்களில் அது மிகுதியாகக் காணப்பட்டது. மதகில் வடியும் நீரைக் கொண்டு ஏரியின் ஆழத்தை அளக்க இயலாதல்லவா?

கவனிக்க வேண்டியவை

தொடை இடுக்கு நீங்கலாக, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில், 1 செ.மீ.க்கு மேற்பட்ட நெறிகள் வேறு காரணமின்றி 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், எச்.ஐ.வி. பரிசோதனை அவசியம். ஆயினும் நெறியைத் தொட்டுப் பார்த்தே நோயை முடிவு செய்யலாகாது. கண்டமாலை என்று மக்கள் கூறும் கழுத்து நெறிக்கு நம் நாட்டில் காசநோய் முக்கிய காரணம். இரு நோய்களும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. ஆகவே இரண்டிற்கும் பரிசோதனை தேவை. எச்.ஐ.வி. முற்றிய நிலையில் கணுக்கள் சிதைந்து சுருங்கலாம். நெறி வற்றியதைக் குணம் என்று கொள்வது பெருந்தவறாகும்.

நம் நாட்டில் 2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. 2017 முதல் சி.டி.4 எண்ணிக்கையைப் பாராது, தொற்றுள்ள அனைவருக்கும் அது உரியதாயிற்று. மருந்து வைரஸின் பெருக்கத்தை அடக்கும். எனினும் கணுக்களிலுள்ள சில அணுக்களில் அது ஒளிந்து நிற்பதால், மருந்தை நிறுத்தினால் மீண்டும் தலைதூக்கும். சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் எதிர்ப்பாற்றல் மீளும்போது, மறைந்திருந்த காசநோயால் நெறி பெரிதாவதும் உண்டு. அப்போது மருந்தைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரை நாடுமாறு களப்பணியாளர் வலியுறுத்த வேண்டும்.

ஒருவர் கழுத்தில் வீக்கம் கண்டவுடன் ஐயத்தைப் பிறரிடம் கூறுதல் முறையன்று. தொற்றுள்ளவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும், தொற்றின் பொருட்டு மாணவரை ஒதுக்குவதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. நலமாகத் தோன்றும் காலத்திலேயே அழிவு நடைபெறுகிறது. சிகிச்சை தொடங்க ஏற்ற காலமும் அதுவே. இதை மக்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர், களப்பணியாளர் ஆகிய இருவரின் கடமையாகும்.