பின்னால் வரும் வண்டியை நிறுத்துவது யார்?

கேள்வி: தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்கும்போதெல்லாம் 'புஸ்ஸ்' என்று காற்று விடுகின்றனவே! இழுபட்டு வரும் வண்டிக்குத் தனியாக பிரேக் வைக்கும் யோசனை முதலில் யாருக்கு வந்தது?

பதில்: லாரிக்காரர்களை ரயில்காரர்கள் முந்திக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சரக்கு ரயில்களில் பெட்டிக்கு ஒரு கைச்சக்கரம் இருக்கும். ஓட்டுநர் விசில் ஊதியதும் பிரேக்மேன்கள் ஓடும் ரயிலின் கூரைமேல் பெட்டிக்குப் பெட்டி தாவி, அதைத் திருகி இறுக்க வேண்டும். மழையிலும் பனியிலும் கால் வழுக்கிச் செத்தவர்கள் ஏராளம். 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற 22 வயது இளைஞர், இன்ஜினிலிருந்து குழாய் வழியே அழுத்தக் காற்றை அனுப்பி எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

அதில் ஒரு கோளாறு. பெட்டி கழன்று குழாய் அறுந்தால் காற்றும் போய்விடும், பிரேக்கும் போய்விடும். பிரேக் உயிர்போகிற அவசரமாகத் தேவைப்படும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் அது இருக்காது.

1872வாக்கில் வெஸ்டிங்ஹவுஸே கணக்கைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாக ஒரு காற்றுத் தொட்டி, ஒரு வால்வு. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் தொட்டிக் காற்று பாய்ந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் அபாயச் சங்கிலியை இழுத்தால் ரயில் நிற்கிறதே, அதன் சூட்சுமமும் இதுதான். சங்கிலி எந்தச் சக்கரத்தையும் பிடிப்பதில்லை. குழாயில் ஒரு வழியைத் திறந்து காற்றை வெளியே விடுகிறது, அவ்வளவுதான்.

சாலையில் ஓடும் டிரெய்லரின் கதை ஒரு படகில் தொடங்குகிறது என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1914இல் டெட்ராய்ட் நகரில் ஃப்ரெடெரிக் சிப்லி என்ற மர வியாபாரி தன் படகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக விரும்பினார். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர் அவருடைய ஃபோர்டு காரின் பின்பக்கத்தை மாற்றி, அதில் மாட்டி இழுக்கும்படி ஒரு வண்டி செய்துகொடுத்தார். படகு போய்ச் சேர்ந்தது. மரக்கட்டை ஏற்றவும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார் சிப்லி. செமி டிரெய்லர் தொழில் இப்படிப் பிறந்தது. 1956இல் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது கண்டெய்னர் யுகமும் ஆரம்பமாயிற்று.

தூத்துக்குடியில் அப்போது கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரமிட, தோணிகள்தான் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தன. முயல் தீவை ஒட்டி அலைதடுப்புச் சுவர்கள் எழும்பி, 1974 ஜூலை 11 அன்று அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கண்டெய்னர்கள் அதற்குப் பிறகு வந்தவை. இன்று அந்தச் சாலையில் நிற்கும் எந்த டிரெய்லரையும் பாருங்கள். முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் நடுவே இரண்டு ஏர் ஹோஸ்கள் தொங்கும். சிவப்பு முனை உள்ளது டிரெய்லரின் தொட்டியை நிரப்புகிறது. மஞ்சள் முனை உள்ளது ஓட்டுநர் மிதிக்கும் பிரேக்கின் கட்டளையைக் கொண்டுபோகிறது. சிவப்பு ஹோஸ் அறுந்தால் டிரெய்லர் தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும். ரயிலில் கற்ற பாடம் லாரிக்கு வந்துவிட்டது. நீங்கள் கேட்கும் 'புஸ்ஸ்' வேலை முடித்த காற்று வெளியேறும் சத்தம். வண்டியை நிறுத்திவிட்டு பார்க்கிங் பிரேக் போடும்போது அது இன்னும் பலமாகக் கேட்கும்: ஸ்பிரிங்கை அழுத்திவைத்திருந்த காற்று வெளியேற, ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கிறது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர் தன் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் 'எலெக்ட்ரிக் பிரேக் கண்ட்ரோலர்' பொருத்தியிருக்கிறார். அது என்ன? படகு டிரெய்லர் இழுக்க இங்கே ஜீப்பில் பொருத்தலாமா?

பதில்: ஜீப்பில் காற்றுப் பம்பு கிடையாது, பேட்டரி இருக்கிறது. பிரேக் பிடிக்க மின்சாரம் வந்ததற்குக் காரணம் அதுதான். காருக்கு வேகமானி செய்து விற்றுப் பணம் சேர்த்த ஆர்தர் வார்னர் என்ற அமெரிக்கர், பிறகு டிரெய்லர்களுக்கான மின் பிரேக்கில் இறங்கினார். அவருடைய நிறுவனம் 1927இல் தொடங்கியது.

டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே இழுபடும். அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தள்ள, பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். காந்தம் குடிப்பது சுமார் 3 ஆம்பியர்தான். பிடிக்கும் பலம் சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு சபாஷ் போடலாம்.

எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று முடிவு செய்வது டாஷ்போர்டுக்குக் கீழே உட்காரும் கண்ட்ரோலர். வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பவை நல்ல ரகம். பொருத்தும் வேலை நான்கு வயர்களில் அடங்கிவிடும். கறுப்பு, சர்க்யூட் பிரேக்கர் வழியாக பேட்டரிக்கு. வெள்ளை, எர்த்துக்கு. சிவப்பு, பிரேக் விளக்கின் சுவிட்சுக்கு. நீலம், பின்னால் டிரெய்லர் பிளக்குக்கு. பெரும்பாலான கண்ட்ரோலர்களில் நிறங்கள் இவைதான், ஆனாலும் கையேட்டைப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. வயர் மெலிந்தால் பின்னால் போய்ச் சேரும் மின்சாரமும் மெலியும். பொருத்திய பிறகு ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, டிரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் குறைவாகப் பிடிப்பை அமைக்க வேண்டும். குறைத்து வைத்தால் டிரெய்லர் ஜீப்பை முன்னே தள்ளும். வளைவில் இரண்டும் முழங்கையை மடக்கியது போல மடங்கிவிடும்.

இனி வெஸ்டிங்ஹவுஸின் பழைய பிரச்சினை. மின்சாரம் போனால் பிரேக்கும் போய்விடும். அதனால் டிரெய்லரிலேயே ஒரு சிறிய பேட்டரியும் ஒரு சுவிட்சும் வைக்கிறார்கள். சுவிட்சின் முள்ளை மெல்லிய கம்பியால் முன் வண்டியோடு கட்டியிருப்பார்கள். டிரெய்லர் கழன்றால் முள் உருவிக்கொண்டு வந்துவிடும், பேட்டரி பிரேக்கைப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் 2 டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு இந்த ஏற்பாடு கட்டாயம். பிடித்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் இருக்க வேண்டும்.

இங்கே பொருத்தலாமா? ஜீப்பில் பொருத்துவது கஷ்டமில்லை. டிரெய்லரிலும் மின் பிரேக் இருந்தால்தான் பயன். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான் என்பதால் அதற்கும் பதிவு தேவை. ஆனால் படகு டிரெய்லருக்கு மின் பிரேக் வேண்டாம் என்பதே இந்தப் பகுதியின் யோசனை. படகை இறக்கும்போது டிரெய்லரின் சக்கரம் கடல் நீரில் முங்கும். காந்தமும் வயர் இணைப்புகளும் உப்பில் அரித்துப்போகும். உப்பளக் காற்றிலேயே இரும்பு துருப்பிடிக்கும் ஊரில் கேட்கவா வேண்டும்! ஆஸ்திரேலியாவிலும் கடலுக்குப் போகும் படகு டிரெய்லர்களுக்குப் பலரும் ஹைட்ராலிக் பிரேக்கையே தேர்ந்தெடுக்கிறார்கள். டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையே அதன் எண்ணெயை அழுத்தி பிரேக் பிடிக்கும் வகைகளும் உண்டு. அவற்றுக்கு வயரும் வேண்டாம், கண்ட்ரோலரும் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் பழைய ராணுவ ஜீப்பின் குட்டி டிரெய்லருக்கு என்ன பிரேக்?

பதில்: இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்போடு வந்த கால் டன் டிரெய்லருக்கு ஓடும்போது பிடிக்கும் பிரேக் கிடையாது, நிறுத்திவைக்க ஒரு கைப்பிரேக் மட்டும். வண்டி சுமார் 250 கிலோ, ஏற்றும் சுமை சுமார் 225 கிலோ. ஆஸ்திரேலியாவில் இன்றும் 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்கு பிரேக் கேட்பதில்லை. ராணுவத்தார் அதன் பிரேக்கைவிடச் சுமை ஏற்றும் தொட்டியில்தான் அக்கறை காட்டினார்கள்: ஆற்றைக் கடக்கும்போது மிதக்கும்படி நீர் புகாமல் செய்து, உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்ற அடியில் அடைப்பான்களும் வைத்திருந்தார்கள்.