காலியாக விடக் கூடாது: நெய்வேலியில் மழைக்கு முன் வீடும் பொதுக் குடிநீரும்

நெய்வேலியில் குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது என்றால் வடகிழக்குப் பருவமழைக்குத் தயார் செய்வதுதான். மார்கழியில் பனி இறங்கும். குழாய்த் தண்ணீர் உறைவதில்லை. உறைபனி விழும் நாடுகளில் குளிர் தொடங்குமுன் வெளிக்குழாய்களை வடித்துக் காலியாக்கி மூடிவைப்பார்கள். உள்ளே நீர் நின்றால் அது பனிக்கட்டியாக விரிந்து குழாயை உடைத்துவிடும். நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தில் விதி நேர் எதிர். இங்கே பெரும்பாலான கெடுதல் காலியான குழாயாலும் காலியான தொட்டியாலும் வருகிறது.

பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. நெய்வேலி கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே தள்ளி இருப்பதால் கடல் சீற்றம் எட்டுவதில்லை. காற்றும் மழையும் தாராளமாக எட்டும். தானே (2011), நிவர் (2020), ஃபெஞ்சல் (2024) ஆகிய மூன்று புயல்களும் புதுச்சேரியை ஒட்டியே கரையைக் கடந்தன. 2015 நவம்பர் 9-ஐ ஒட்டி ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையேறியபோது நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அதற்குப் புயல் என்ற தகுதியோ பெயரோ கிடையாது. வானிலை அறிவிப்பில் புயலின் பெயருக்காகக் காத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தண்ணீர் வரும் வழி

நெய்வேலிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர்ப்படுகை ஒன்று இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையான அழுத்தத்தில் அது மேல்நோக்கித் தள்ளுகிறது. இரவு பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் புகுந்துவிடும். அப்படி இறைக்கும் நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் சுரங்க நிறுவனத்தின் குடியிருப்பான நகரியத்துக்கும் போகிறது. வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் போன்ற சுற்றுப்பகுதிகளில் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் உள்ளாட்சியின் பொறுப்பு.

இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆழத்திலிருந்து ஏறும் நீர் ஊற்றில் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கிறது. கெடுவது வழியில்: தரைத்தொட்டியில், மேல்நிலைத் தொட்டியில், குழாய் இணைப்பில், கடைசியாக வீட்டு டிரம்மில். ஆகவே தயாரிப்பு வேலையும் தெருவிலிருந்து வீட்டை நோக்கி வர வேண்டும். வீட்டு மாடியைப் பளிச்சென்று வைத்துவிட்டுத் தெருக்குழாயின் கசிவை விட்டுவிடுவது வீண் உழைப்பு.

செப்டம்பர் இரண்டாம் பாதி: குழாய்ப் பாதை

முதல் வேலை, தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்ப் பாதை நெடுக நடந்து பார்ப்பது. காய்ந்த மண்ணில் ஈரத் திட்டு, ஓரிடத்தில் மட்டும் பச்சென்று வளர்ந்த புல், வால்வுக் குழிக்குள் தேங்கிய நீர் ஆகியவை கசிவின் அடையாளங்கள். சாக்கடைக்குள்ளேயோ அதன் ஓரமாகவோ செல்லும் குழாய்களையும் வீட்டு இணைப்புகளையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் கசிவு என்பது வெறும் நீர் விரயம். மழைக்காலத்தில் அதுவே நோய். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை நீர் உள்ளிருந்து வெளியே கசியும். மின்சாரம் நின்று பம்ப் ஓயும்போது, மேடான தெருவின் குழாயிலிருந்த நீர் தாழ்வான தெருவுக்கு இறங்கி, மேலே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் அதே ஓட்டை வழியாக வெளியில் தேங்கியுள்ள சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் ஒரு தெருவில் மட்டும் கொத்தாகத் தோன்றினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கசிவைத்தான்.

இதே காரணத்தால், தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவதை மழைக்காலத்தில் எவ்வகையிலும் ஏற்க முடியாது. ஒரு வீட்டுக்குக் கூடுதலாக நான்கு குடம் கிடைக்கிறது; அந்த உறிஞ்சலில் தெரு முழுவதும் சாக்கடை கலக்கும் வாய்ப்பு பிறக்கிறது. ஊர்க்கூட்டத்தில் சண்டை வந்தாலும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

இப்பகுதியின் செம்மண் மழையில் எளிதில் அரிக்கும். ஆழமில்லாமல் புதைத்த பி.வி.சி. குழாய் இரண்டு நாள் மழையில் மண் போய் அந்தரத்தில் தொங்கும். அதன்மேல் ஒரு டிராக்டர் ஏறினால் முடிந்தது. அத்தகைய இடங்களில் மண் நிரப்பிக் கெட்டிப்படுத்தி, மேலே கல்லடுக்கோ மணல் மூட்டையோ வைக்க வேண்டும். ஆண்டு முழுவதும் தொடாத கேட் வால்வுகளை ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிப் பார்ப்பதும் இப்போதே. துருப்பிடித்து இறுகிய வால்வு, வெள்ளத்தன்று ஒரு தெருவைத் தனியாக நிறுத்த வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது. நகரியத்தில் பொதுக்குழாயையும் வால்வையும் குடியிருப்போர் தொடக் கூடாது. இடத்தைக் குறித்து நகர நிர்வாகத்தில் புகார் பதிவு செய்வதோடு அவர்கள் வேலை முடிகிறது.

தொட்டியைக் கழுவுதல்

மேல்நிலைத் தொட்டியை முழுவதும் வடித்து, அடியில் படிந்த சேற்றைக் கழிவு வால்வு வழியாக வெளியேற்றி, சுவரையும் தரையையும் நார் பிரஷால் தேய்த்து, இருமுறை அலச வேண்டும். தரைத்தொட்டிக்கும் (சம்ப்) இதே முறைதான். ஆனால் அங்கே ஓர் ஆபத்து உண்டு: மூடியே கிடந்த சம்பில் மூச்சு முட்டும். மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் கயிற்றுடன் நிற்க, மற்றவர் இறங்க வேண்டும். டீசல் அல்லது பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிய பின் உள்ளே ஆள் இருக்கக் கூடாது.

கழுவிய பின் கிருமி நீக்கம். தொட்டியை நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கலந்து 12 மணி நேரம் விட்டுவிட்டு, அந்த நீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அது குடிக்கும் நீர் அல்ல என்பதைத் தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்றாட விநியோகத்துக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் அரை மணி நேரமாவது கழித்தே விநியோகம்.

பவுடரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த அளவுகளெல்லாம் 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. ஈரக்காற்றுப் பட்டால் வீரியம் வேகமாக இறங்கிவிடும். போன ஆண்டு வாங்கி வாய் திறந்து கிடக்கும் மூட்டையை எடைபோட்டுப் போடுவது சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைத்து, கடைக்கோடி வீட்டுக் குழாயில் குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பால் சோதிப்பதே நம்பத் தகுந்த வழி. அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். வெள்ளம் அல்லது நோய் பரவும் காலத்தில் 0.5.

காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுவதும், தொட்டி மூடியில் பூட்டு இருப்பதும் சிறிய வேலைகள். மழைக்கால டெங்குவில் அவற்றின் பங்கு பெரியது.

மின்சாரமும் பம்பும்

மின்சாரம் விளையும் ஊரிலேயே புயலில் மின்சாரம் நிற்கும். உற்பத்தி நடந்தாலும் கம்பமும் கம்பியும் விழுந்தால் பயன் இல்லை. தானே புயலுக்குப் பின் மாவட்டத்தின் பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்பினார்கள்.

எனவே வாடகை ஜெனரேட்டர் எங்கே கிடைக்கும், யார் கொண்டுவருவது என்பதை அக்டோபர் முதல் வாரத்திலேயே பேசி முடிக்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ஆகவே 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 12 முதல் 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தேவைப்படும். அதை இணைக்க மாற்றுச் சுவிட்ச் கட்டாயம். அது இல்லாமல் இணைத்தால் மின்சாரம் பின்னோக்கி லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொன்றுவிடும்.

ஸ்டார்ட்டர் பெட்டியை 2015 வெள்ளத்தின் உயரம் நினைவிருப்பவர்களிடம் கேட்டு அதற்கு மேலே மாட்டுவது நல்லது. மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் தடுப்பான் இல்லாத இடத்தில், புயலுக்கு மறுநாள் காயில் எரிந்த மோட்டார்தான் மிஞ்சும். அடிபம்பு இருந்தால் அதன் வாஷரை மாற்றி ஓடும் நிலையில் வைக்க வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் அதற்கு நிகர் வேறில்லை.

அக்டோபர் முதல் பாதி: வீடு

மொட்டை மாடியில் மாவிலையும் பலா இலையும் தூசியும் சேர்ந்து மழைநீர் வாயை அடைக்கும். ஓர் அடைப்பால் மாடி குளமாகி, பழைய கூரைக்கு அந்த எடை சுமையாகும்; கசிவு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பெருக்கி, வாயில் கம்பிவலை வைத்து, ஒரு வாளி நீர் ஊற்றி ஓட்டம் பார்க்க வேண்டும். விரிசல்களை வெயில் இருக்கும்போதே அடைக்க வேண்டும். ஈரத்தில் பூசிய பூச்சு பிடிக்காது. தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளில் ஜே போல்ட்டுகளை இறுக்கி, தேய்ந்த வாஷரை மாற்ற வேண்டும்.

நகரியத்தின் பெருமையே மரங்கள்தான். புயலில் ஆபத்தும் அவைதான். வீட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ சாய்ந்த கிளைகளை முன்கூட்டியே கழிக்க வேண்டும். நகரியத்தில் அதற்கு நிர்வாகத்தின் அனுமதி தேவை. கம்பிக்கு அருகே சொந்தமாக அரிவாள் எடுப்பது எங்குமே கூடாது. தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் இறக்கிவிடலாம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அந்தக் குழி மண்ணடைத்துப் பெயருக்குக் கிடக்கிறது. மேல் மணலை அள்ளிப் புது ஜல்லியும் மணலும் நிரப்பினால் மீண்டும் உறிஞ்சும். முதல் ஓரிரு மழையின் மாடித் தண்ணீரைக் குழிக்கோ தொட்டிக்கோ விடாமல் வெளியே விட வேண்டும்.

செப்டிக் டேங்க் இருந்தால் மழைக்கு முன்பே கழிவை எடுத்துவிட வேண்டும், எடுத்த உடனே பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். இதன் காரணம் நெய்வேலிக்காரர்களுக்கு விளங்காமல் போகாது: சுரங்கத் தரையைக் கீழிருந்து தள்ளும் அதே நீரழுத்தம், நிலம் ஊறிய பின் காலித் தொட்டியையும் தள்ளும். பிளாஸ்டிக் தொட்டி மிதந்தே மேலே வந்துவிடும். கான்கிரீட் தொட்டியின் அடித்தளம் விரிசல் விடும். தரைத்தொட்டிக்கும் இது பொருந்தும். மழைக்காலத்தில் அதைக் காலியாக்கிக் கழுவுவது தவறான நேரத்தில் செய்யும் நல்ல வேலை.

புயல் எச்சரிக்கை வந்ததும்

கரண்ட் இருக்கும்போதே பொதுத்தொட்டியை விளிம்புவரை நிரப்ப வேண்டும். வீட்டு மாடியிலுள்ள சின்டெக்ஸ் தொட்டியையும் அப்படியே. ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை; காலித் தொட்டியோ காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழும். மூடியைக் கயிற்றால் கட்ட வேண்டும்.

வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்ற குறைந்த கணக்கில் மூன்று நாளுக்குச் சேமித்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு 225 லிட்டர் வேண்டும். குடிக்கும் நீர் மூடியுள்ள பாத்திரத்தில் தனியாக இருக்கட்டும். மாடியில் தளர்ந்து கிடக்கும் தகரம், பூந்தொட்டி, கழிகளை உள்ளே எடுத்துவிட்டு, காற்று தொடங்கியதும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தெருவில் நீர் தேங்கி நிற்கும்வரை விநியோகத்தை நிறுத்தாமல், சிறிய அளவிலாவது குழாயை நிறைத்தே வைத்திருப்பது பம்ப் ஆப்பரேட்டரின் வேலை. உடைந்த பகுதியை மட்டும் வால்வு மூடிப் பிரிக்க வேண்டும்.

மழை விட்ட பின்

அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாமல் மின்வாரியத்துக்கும், அவசரமானால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-க்கும் சொல்ல வேண்டும். நனைந்த மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் காயவைத்துச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும். விநியோகம் திரும்பியதும் ஒவ்வொரு தெருவின் கடைசிக் குழாயையும் கலங்கல் தெளியும்வரை திறந்துவிட வேண்டும். வீட்டிலும் முதல் பத்து நிமிட நீரைப் பிடிக்கக் கூடாது. வெள்ள நீர் புகுந்த சம்பையும் கிணற்றையும், சுற்றிலும் நிலம் வடிந்த பிறகு, இறைத்துக் கழுவி, மேலே சொன்ன 150 கிராம் கணக்கில் மீண்டும் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். கடைக்கோடிக் குழாயில் குளோரின் 0.5 காட்டும்வரை எல்லா வீட்டிலும் கொதிக்க வைத்த நீர்தான். சேமித்த டிரம்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் ஏடிஸ் கொசுவுக்கு அவையே வீடு.

கார்த்திகை முடிந்து வெயில் அடித்ததும் ஜெனரேட்டர் ஏற்பாட்டையும் பவுடர் இருப்பையும் கைவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பொங்கல் வரை அவற்றைக் கலைக்கக் கூடாது. தானே புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 30 அன்று.