மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுகிறார்

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. சொந்தமாக ஒரு லாரி வைத்து அவரே ஓட்டுகிறார். பல வருஷமாகக் குறட்டை உண்டு. தொப்பூர் இறக்கத்தில் ஒரு நொடி கண்ணசந்துவிட்டார் என்று கூடப் போன கிளீனர் பையன் சொன்ன பிறகுதான் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்க வைத்துப் பார்த்து, மணிக்கு 42 முறை மூச்சு தடைபடுகிறது, ஸ்லீப் ஆப்னியா என்றார்கள். கடன் வாங்கி சிபாப் மெஷின் வாங்கினோம். மூன்று வாரம் ஆகிறது. மாஸ்க்கைப் போட்டதுமே மூச்சு முட்டுகிறது என்கிறார். எப்படியோ தூங்கிவிட்டாலும் நடுராத்திரியில் தன்னை அறியாமலே கழற்றி எறிந்துவிடுகிறார். காலையில் வாய் உலர்ந்து ஒட்டிக்கொள்கிறது, மூக்குத்தண்டில் புண். இவருடைய அண்ணன் கொரோனாவில் ஆஸ்பத்திரியில் மாஸ்க்கோடுதான் போய்ச் சேர்ந்தார். அது மனதில் இருக்கிறது போல. "போட்டுப் பழகிவிட்டால் அப்புறம் இது இல்லாமல் மூச்சே வராது" என்று உறவுக்காரர்கள் வேறு சொல்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- வாசகி ஒருவர், நாமக்கல்

பதில்: திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் சரிசெய்ய முடியாதது ஒன்றுகூட இல்லை. மூச்சு முட்டுவதற்கு ஒரு காரணம், புண்ணுக்கு ஒரு காரணம், நடுராத்திரியில் கழற்றுவதற்கு வேறொரு காரணம். தனித்தனியாகப் பார்த்தால் தனித்தனியாகத் தீரும். மெஷினைக் கையில் கொடுத்து, ஒரு முறை போட்டுக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவதுதான் நம் ஊரில் பெரும்பாலும் நடக்கிறது. இந்த வைத்தியம் நிலைப்பதும் பாதியில் நிற்பதும் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த வாரங்களில்தான் நோயாளியைத் தனியாக விட்டுவிடுகிறோம். உங்கள் கணவர் பிடிவாதக்காரர் இல்லை. உதவி கிடைக்காதவர்.

மற்றதைப் பேசுமுன் லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பகலில் தூக்கக் கலக்கம் இருக்கும் வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. மணிக்கு 42 என்றால் சுமார் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தரம் தொண்டை அடைத்து, மூளை அவரைப் பாதி எழுப்பி, மறுபடி தூங்கவிடுகிறது என்று பொருள். காலையில் அவருக்கு அது நினைவில் இருக்காது. ஆனால் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் தூங்கியவர் ஆகமாட்டார். அந்தத் தூக்கக் கடனை டீயும் பாட்டும் முகத்தில் அடிக்கும் குளிர்ந்த தண்ணீரும் அடைக்காது. மாற்று டிரைவரை வைத்தால் வருமானம் குறையும், கடன் தவணை நிற்கிறது என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தே சொல்கிறேன்.

அடுத்து அந்த அண்ணன். கணவரிடம் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். கொரோனா வார்டில் மாஸ்க் வைத்தது, நுரையீரல் கெட்டுப்போய் ஆக்ஸிஜன் போதாமல் போனதால். இவருக்கு நுரையீரலில் குறை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. தூங்கும்போது தசைகள் தளர்ந்து தொண்டை ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த மெஷின் ஆக்ஸிஜன் கொடுப்பதே இல்லை. அறையில் இருக்கும் காற்றையே லேசான அழுத்தத்தோடு உள்ளே அனுப்பி, தொண்டை ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. 1980-க்கு முன்னால் இந்த நோய் முற்றியவர்களுக்கு இருந்த உறுதியான ஒரே வைத்தியம் கழுத்தில் துளை போடுவது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் காற்றை ஊதும் மோட்டார் ஒன்றையும் மூக்கில் பொருத்தும் குழாயையும் கொண்டு, தொண்டையை வெட்டாமலே திறந்து வைக்கலாம் என்று காட்டினார். 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. சாகக் கிடப்பவர்களுக்காக வந்த கருவி இல்லை இது. பகல் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் இரவில் நிம்மதியாகத் தூங்குவதற்காக வந்தது.

பழகிவிட்டால் இது இல்லாமல் மூச்சு வராது என்பது தவறு. கண்ணாடியைக் கழற்றினால் பழைய மங்கல்தான் திரும்பும், புதிதாகக் கண் கெடாது. இதுவும் அப்படித்தான். ஓர் இரவு போடாவிட்டால் பழைய குறட்டை திரும்பும். எடை நன்றாகக் குறைந்தால் சிலருக்கு அழுத்தம் குறைவாகப் போதும், சிலருக்கு மெஷினே தேவைப்படாமலும் போகும். அதை மறுபடி பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூச்சு முட்டுகிறது என்று சொல்கிறவர்களுக்கு அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல நேரம் நேர்மாறு. தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மெஷின்கள் 4 முதல் 20 வரை என்ற அகலமான அளவிலேயே வீட்டுக்கு வந்துவிடுகின்றன. பெரிய உடம்புக்காரர் விழித்திருக்கும்போது 4 என்ற அளவில் வரும் காற்று போதாது. உள்ளே இழுக்க இழுக்கக் காற்றே வராததுபோல் இருக்கும். தொடக்க அளவைக் கொஞ்சம் உயர்த்தினால் அந்தத் தவிப்பு அன்றைக்கே அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூச்சை வெளியே விடும்போது காற்று எதிர்த்துத் தள்ளுவதுபோல் இருந்தால், வெளிமூச்சின்போது மட்டும் அழுத்தத்தைத் தணிக்கும் வசதியும் அநேக மெஷின்களில் உண்டு. உங்கள் மருத்துவரிடம் இவை இரண்டையும் கேளுங்கள். நீங்களாக எண்களை மாற்ற வேண்டாம்.

மாஸ்க் பயம் ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையில் போகாது. பகலில் போக்க வேண்டும். டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது வாரைக் கட்டாமல் மாஸ்க்கை மட்டும் அவர் கையாலேயே முகத்தில் வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். அது இயல்பான பிறகு வாரைக் கட்டிக்கொண்டு, அப்புறம் காற்றையும் ஓடவிட்டு, பிறகு பகலில் ஒரு குட்டித் தூக்கம். வற்புறுத்தாதீர்கள். ஒரு படி கடினமாக இருந்தால் முந்தைய படியில் இன்னும் சில நாள் இருக்கலாம்.

மூக்குத்தண்டில் புண் என்றதுமே, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் என்று ஊகிக்கிறேன். காற்று கசிகிறது, அதனால் வாரை இறுக்குகிறீர்கள், புண் வருகிறது, இறுக்கினதில் மாஸ்க்கின் மெத்தை நசுங்கி இன்னும் கசிகிறது. அளவு சரியாக இருந்தால் வார் தளர்வாகவே இருக்கும், அடியில் ஒரு விரல் நுழையும். படுத்த நிலையில், காற்று ஓடும்போது சரிசெய்யுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பொருந்துவது படுத்தால் பொருந்தாது. அடர்ந்த மீசை இருந்தால் மூக்குத் துவாரங்களில் மட்டும் உட்காரும் சின்ன வகை அவருக்கு நல்லது. தலைக்கும் முகத்துக்கும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசையில் மாஸ்க்கின் சிலிக்கோன் வழுக்கும், சீக்கிரம் கெட்டும்போகும். படுக்குமுன் முகம் கழுவித் துடைக்க வேண்டும், மாஸ்க்கின் மெத்தையையும் தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவ வேண்டும்.

மூக்கடைப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். மூக்கு அடைத்தவர் வாயைத் திறப்பார், வாய் வழியே காற்று கசியும், அதனால்தான் காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றி வைக்கும் ஹ்யூமிடிஃபையர் வறட்சியைக் குறைக்கும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி, தினமும் மாற்ற வேண்டும். ஏ.சி. போட்டுப் படுத்தால் குழாயில் நீர் கோத்து முகத்தில் தெறிக்கும். அப்போது ஈரப்பதத்தைக் குறைத்து, மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள்.

நடுராத்திரியில் கழற்றுவதற்கு ஒரு விளக்கம் உண்டு. கனவுகள் வரும் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அப்போது தசைகள் மேலும் தளரும், தொண்டை இன்னும் அடைக்கும், மெஷின் அழுத்தத்தைக் கூட்டும். பத்து மணிக்குக் கசியாத மாஸ்க் அந்த நேரத்தில் கண்ணில் காற்றை அடிக்கும். தூக்கத்திலேயே கை அதைப் பிடுங்கிவிடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் விழித்துப் பார்த்தால் மெதுவாக எழுப்பி மறுபடி மாட்டிவிடுங்கள், மற்றபடி அந்த இரவை அப்படியே விட்டுவிடுங்கள். கசிவு குறையக் குறைய இதுவும் தானாகக் குறையும்.

"இரண்டு மணி நேரமாவது போட்டாரே, போதாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல், ஆனால் போதாது. இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களிடம், இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அவர்கள் சராசரியாக ஓர் இரவில் 3.3 மணி நேரம்தான் மாஸ்க் அணிந்தார்கள். பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை தேறியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. குறைந்த நேரம்தான் அதற்குக் காரணமா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. என் நோயாளிகளிடம் நான் சொல்வது, தூங்கும் நேரம் முழுவதும் என்றே. பகலில் தூங்கினாலும் தொண்டை அடைக்கும், அதனால் மதியத் தூக்கத்துக்கும் மெஷின் வேண்டும். மறுபடி லாரி ஓட்டத் தொடங்கியதும் வழியில் ஓரங்கட்டிப் படுக்கும்போதும்கூட வேண்டும். லாரி பேட்டரியில் ஓட்ட அந்தந்த மாடலுக்கென்றே கன்வெர்ட்டர் விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு அடைத்துப்போகும் என்று பயப்பட வேண்டாம். சின்ன மாஸ்க் என்றால் வாய் திறந்திருக்கிறது, பெரிய மாஸ்க்கில் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கும்.

தூக்க மாத்திரை வேண்டாம், மதுவும் வேண்டாம். இரண்டும் தொண்டையை மேலும் தளர்த்தும்.

இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். மெஷின், மாஸ்க், குழாய் எல்லாவற்றையும் பையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குக் கழற்றினார், எவ்வளவு கசிந்தது, மிச்சம் எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று ஒவ்வோர் இரவின் கணக்கும் மெஷினுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதைப் பார்க்காமல் "போடப் போடப் பழகிவிடும்" என்று மட்டும் சொன்னால், பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். அவர் எப்போது மறுபடி ஓட்டலாம் என்பதையும் அந்தக் கணக்கை வைத்தே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.