முகம் வரையத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

நம் ஊர் மடவளையில் இப்போது பென்சிலும் கையுமாகத் திரியும் பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல நினைத்தவை இவை.

1. உச்சந்தலைக்கும் நாடிக்கும் சரி நடுவில்தான் கண் இருக்கிறது. நீங்களோ அதை மேலே தூக்கி வைத்து நெற்றியைக் குறுக்கிவிடுகிறீர்கள். இரு கண்களுக்கும் இடையில் ஒரு கண் அளவு இடம் விடுங்கள். இது பொதுக் கணக்கு. எதிரில் இருப்பவரின் முகம் இதிலிருந்து எங்கே விலகுகிறதோ, அங்கேதான் அவருடைய சாயல் இருக்கிறது.

2. கண்ணின் வெள்ளையைத் தாளின் வெள்ளையாகவே விட்டால் மிரண்டு முழிக்கிற முகம் வரும். விழி ஓர் உருண்டை. ஓரங்கள் மங்கும், மேல் இமையின் நிழலும் அதில் விழும். கருவிழியின் மேல்பகுதியை இமை சற்று மறைக்கும். கீழ் இமைக்குத் தடிப்பு உண்டு. ஈரமாக மினுங்கும் அந்த விளிம்பை விட்டுத்தான் இமைமயிர் தொடங்கும். ஒளிப்புள்ளியில் மட்டும் பென்சில் படவே கூடாது.

3. மூக்கைக் கோட்டால் கட்டாதீர்கள். பக்கத்து நிழலையும் அடி நிழலையும் சரியாகப் போட்டால் மூக்கு தானாக எழும்பும்.

4. உதடுகள் சேரும் இடத்துக்கு 4பி பென்சில், மற்றதற்கு எச்பி. பல்லைத் தனித்தனியாகப் பிரித்து வரைய வேண்டாம்.

5. முக்காடு போட்ட முகத்தில் காதும் தலைமுடியும் உதவிக்கு வராது. துணி கன்னத்தில் போடும் நிழலைக் கவனியுங்கள். கன்னத்தின் வளைவை அது சொல்லும்.

6. கிட்டப் பிடித்த செல்ஃபியைப் பார்த்து வரையாதீர்கள். அதில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கியிருக்கும்.

7. தெகல்தொருவை விகாரைக்கு ஒருமுறை போய் வாருங்கள். மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், தொடங்கிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. முகங்களுக்கு நிழலே இல்லை, எல்லாம் கோடுதான். 1901இல் கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றும் கோட்டை நம்பியவர். கோட்டின் வழி வேறு வழி, பெரிய வழி. நீங்கள் தேடுவது நிழலின் வழி என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கும்.

8. ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரையுங்கள். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி, ஓவியர் ஆதிமூலம் காந்தியை 100 கோட்டோவியங்களாக வரைந்தார்.

9. யாரை வரைவதானாலும் முதலில் கேளுங்கள். உருவம் வரைவதை விரும்பாத பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்கள் மனம் நோகக் கூடாது. வேண்டாம் என்றால் கொப்பியை மூடிவிடுங்கள். வீட்டுக் கண்ணாடியில் உங்கள் முகம் இருக்கிறது, அதை வரையலாம்.