இருபத்தெட்டு நாளில் ஒரு பாடம்

பின்வரும் பனுவலை வாசித்திடுக.

ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்றுநரால் பந்தைத் தொட முடியாது. திடலின் ஓரத்தில் நின்று பார்க்கலாம், குரல் கொடுக்கலாம், ஆட்டக்காரரை மாற்றலாம். ஆனாலும், வெற்றி பெற்றால் ஆட்டக்காரர்களைப் பாராட்டும் நாம், தோல்வி கண்டால் முதலில் பயிற்றுநரைத்தான் கேள்வி கேட்கிறோம். அப்படியென்றால், பயிற்றுநரின் பணிதான் என்ன? செனாயில் உள்ள ஒரு பள்ளித் திடலாயினும் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கமாயினும் இக்கேள்வி ஒன்றுதான்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து உலகில் ஜான் வூடன் என்பவர் இதற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தார். இவர் முதலில் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். 1948ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழுவின் பயிற்றுநரானார். காலுறையில் சுருக்கம் விழாமல் அணிவது எப்படி, காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுவது எப்படி என்பதுதான் அவர் தம் மாணவர்களுக்குக் கற்பித்த முதல் பாடம். காலுறை சுருங்கினால் காலில் கொப்புளம் வரும்; கொப்புளம் வந்தால் ஓட முடியாது. அவருடைய குழு முதல் தேசிய வெற்றியாளர் பட்டத்தை வென்றது 1964ஆம் ஆண்டில்தான். அதன் பின் 1975ஆம் ஆண்டிற்குள் மொத்தம் 10 பட்டங்கள் அவர் வசமாயின. அந்த முதல் பட்டத்திற்கு முந்திய ஆண்டுகளில் அவரை விலக்கியிருந்தால், அந்தப் பத்துப் பட்டங்களும் வந்திருக்குமா?

நம் நாட்டிலும் இக்கேள்வியை எழுப்பிய பயிற்றுநர் ஒருவர் இருக்கிறார். அவர் டத்தோ கே. ராஜகோபால். தாக்குதல் ஆட்டக்காரராக நாட்டைப் பிரதிநிதித்து விளையாடிய அவர், 2009ஆம் ஆண்டு தேசியக் காற்பந்துக் குழுவின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். அப்பொழுது மலேசியக் காற்பந்து சோர்ந்து கிடந்தது. 2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியில் நம் குழு மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. 12 கோல்களை விட்டுக் கொடுத்து, ஒரே ஒரு கோலைத்தான் போட்டது. சீ விளையாட்டுப் போட்டியிலோ 1989ஆம் ஆண்டிற்குப் பிறகு காற்பந்தில் தங்கமே கிட்டவில்லை.

2009ஆம் ஆண்டு டிசம்பரில் லாவோஸ் நாட்டின் வியந்தியான் நகரில் சீ விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ராஜகோபாலின் இளம் குழு, தொடக்கச் சுற்றில் வியட்நாமிடம் 1-3 எனத் தோற்றது. இனி வழியில்லை எனப் பலரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால், தொடர்ந்து எட்டு முறை தங்கம் வென்றிருந்த தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி, மலேசியா அரையிறுதிக்குள் நுழைந்தது. இறுதியாட்டத்தில் மீண்டும் அதே வியட்நாம் எதிரே நின்றது. இம்முறை 1-0 என மலேசியா வென்றது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் நாடு திரும்பியது.

மறு ஆண்டு, ஆசியான் காற்பந்துக் கூட்டமைப்பின் சுசுகி கிண்ணப் போட்டி. டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில் இந்தோனேசியா மலேசியாவை 5-1 எனத் தோற்கடித்தது. அன்றைய முடிவை மட்டும் வைத்து மதிப்பிட்டால், ராஜகோபால் தோல்வியடைந்த பயிற்றுநர். ஆனால், போட்டி அன்றோடு முடிந்துவிடவில்லை. அவர் 21 வயதே ஆன கோல் காவலர் கைருல் ஃபாமியை நம்பிக் களமிறக்கினார். முந்திய ஆண்டு தங்கம் வென்ற எஸ். குணாளன் போன்ற இளைஞர்களும் குழுவில் இருந்தனர். தாய்லாந்துடன் கோல் இன்றிச் சமநிலை. லாவோசுக்கு எதிராக 5-1 வெற்றி. அரையிறுதியில் வியட்நாமுக்கு எதிராக முதல் ஆட்டத்தில் 2-0, இரண்டாவது ஆட்டத்தில் 0-0. படிப்படியாகக் குழு நிமிர்ந்தது.

இறுதியாட்டத்தில் எதிரணி யார்? அதே இந்தோனேசியா! டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா 3-0 என வென்றது. டிசம்பர் 29ஆம் நாள் இரண்டாவது ஆட்டம் ஜகார்த்தாவில் நடந்தது. முற்பாதியில் இந்தோனேசியாவிற்குக் கிடைத்த பினால்டி உதையைக் கைருல் ஃபாமி தடுத்தார். அவ்வாட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தத்தில் 4-2 எனும் கோல் கணக்கில் மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தை வென்றது. ஐந்து கோல்களைப் போட்ட சாஃபி சாலி அதிகக் கோல் போட்ட ஆட்டக்காரரானார். டிசம்பர் 31ஆம் நாள் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அவமானத் தோல்விக்கும் மாபெரும் வெற்றிக்கும் இடையே இருந்தவை 28 நாள்கள்தாம். அரங்கமும் எதிரணியும்கூட மாறவில்லை.

இதன் பிறகு எல்லாம் வெற்றியாகவே அமைந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் தோற்று மலேசியா வெளியேறியது. 2012ஆம் ஆண்டு சுசுகி கிண்ண அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றது. 2013ஆம் ஆண்டோடு ராஜகோபாலின் தேசியப் பணிக்காலம் முடிவுற்றது. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்ததுதான் பயிற்றுநரின் வாழ்க்கை.

மாணவர்களே, ஒரு தேர்வில் குறைந்த புள்ளி பெற்றவுடன் 'எனக்கு இப்பாடம் வராது' என நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ராஜகோபாலின் குழு இரண்டு போட்டிகளில் தோற்ற அணியையே மீண்டும் சந்தித்து வென்றது. தோல்வி, எதை மாற்ற வேண்டும் என்பதைக் காட்டும். அதைக் கண்டு, ஆட்டக்காரர்களின் மனம் உடையாமல் மாற்றிக் காட்டுவதே பயிற்றுநரின் பணி.

சொற்பொருள்
பிரதிநிதித்து – சார்பாக நின்று
கோல் காவலர் – கோல் கம்பத்தைக் காக்கும் ஆட்டக்காரர்
சமநிலை – வெற்றி தோல்வியின்றி முடிதல்

கருத்துணர் வினாக்கள்
1. ஜான் வூடன் கற்பித்த முதல் பாடம் யாது? அதன் காரணம் என்ன?
2. 2009, 2010ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு இடையே காணப்படும் ஒற்றுமையை விளக்குக.
3. 'அன்றைய முடிவை மட்டும் வைத்து மதிப்பிட்டால்' எனும் தொடர்வழி ஆசிரியர் உணர்த்த விழைவது என்ன?
4. தொடர் தோல்வி கண்ட பயிற்றுநரை உடனே மாற்றுவது சரியா? உன் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.