தெருநாய் வீட்டு நாயாக: தத்தெடுப்பவர்களுக்கு 13 குறிப்புகள்

காப்பகத்திலிருந்தோ, தெருவில் அடிபட்டுக் கிடந்ததை மீட்டு வளர்த்தவரிடமிருந்தோ ஒரு நாட்டு நாயைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? நல்ல முடிவு. நம்மூர் வெயிலுக்குப் பிறந்த நாய் அது. ஹஸ்கி வாங்கி அதற்கு ஏசி போட்டு அல்லாடுவதைவிட எவ்வளவோ மேல். வாங்கும் செலவில்லை என்பதால் வளர்ப்பதும் சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

1. நாய் 12 முதல் 15 வருடம் வரை வாழும். காலையிலும் மாலையிலும் யார் வெளியே கூட்டிப்போவது, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் பேசி முடியுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிள்ளை அழுகிறான் என்பதற்காக நாய் எடுக்காதீர்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளப் போவது அம்மாதான்.

2. கொடுப்பவரிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள், பூனை, மற்ற நாய்களைக் கண்டால் எப்படி நடந்துகொள்ளும் என்றும் கேளுங்கள். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் காயமோ என்று பதற வேண்டாம். அது கருத்தடை ஆனதற்கான அடையாளம். நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடலாம் என்று சென்னையின் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964-லேயே சொல்லத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுச் செயல்படுத்த 1996 ஆகிவிட்டது. கருத்தடை ஆகாத நாயென்றால் நீங்களே செய்துவிடுங்கள். பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் அதோடு தீரும்.

3. வந்த அன்றே சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். கட்டிலடியிலோ மேஜை மூலையிலோ ஒரு பழைய போர்வை, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான். வாலைக் கவட்டியில் இடுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கினால் ஒடுங்கட்டும். நீங்கள் அதே அறையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். கண்ணோடு கண் பார்க்க வேண்டாம். அதுவாக வந்து முழங்கையை மோப்பம் பிடிக்கும். அப்போதும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், மார்புப் பக்கம் மெதுவாகத் தடவுங்கள். மிரட்சி தெளிய 3 நாள், வீட்டு வழக்கம் புரிய 3 வாரம், தன் வீடென்று நம்ப 3 மாதம் என்பது மீட்புப் பணியில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. அடிபட்ட நாய்க்கு அதற்கு மேலும் ஆகலாம்.

4. பாலும் பிஸ்கட்டும் சாப்பாடாகாது. தயிர்சாதம் மட்டும் போட்டாலும் போதாது. சோற்றோடு வேகவைத்த கோழிக்கறியோ முட்டையோ சேருங்கள். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை ஆகவே ஆகாது. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சைகூட சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணியில் மிஞ்சிய எலும்பையும் போடாதீர்கள். வெந்த கோழி எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

5. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப்போங்கள். சரியான இடத்தில் சிறுநீரோ மலமோ போனால் அங்கேயே, அப்போதே ஒரு துண்டு கறி. வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்களைக் கண்டு பயந்து சோஃபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகத்தான் அது கற்றுக்கொள்ளும். அந்த இடத்தைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள். வாடை மிஞ்சினால் மறுபடி அங்கேயே போகும்.

6. "உட்கார்" சொல்லிக்கொடுப்பது எளிது. கறித்துண்டை விரல்நுனியில் பிடித்து நாயின் மூக்கருகே காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் "உட்கார்" என்று சொல்லி உடனே கொடுத்துவிடுங்கள். ஐந்து விநாடி தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குப் புரியாது. ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும். அப்பா "உட்கார்", பிள்ளை "சிட்", பாட்டி "உக்காருடா" என்று ஆளுக்கொன்றாகச் சொல்லக்கூடாது.

7. அடிக்காதீர்கள். சுருட்டிய பேப்பரால்கூட வேண்டாம். ஏற்கனவே கல்லடி பட்ட நாய்க்குக் கை ஓங்கினாலே போதும், பழைய பயம் எல்லாம் வந்துவிடும். உறுமினால் அதற்கும் தண்டிக்காதீர்கள். உறுமுவதற்கு முன் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். இதையெல்லாம் நாம் கவனிக்காமல் விட்டபிறகுதான் உறுமும். உறுமலையும் அடக்கிவிட்டால், எச்சரிக்காமல் கடிக்கிற நாய்தான் மிஞ்சும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தைகள் அதன் பக்கம் போகவேண்டாம்.

8. கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிப் போடும் பட்டை நல்லது. பயந்து பின்வாங்கும் நாய் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். வெயிலில் நடத்துமுன் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். 7 விநாடி தாங்கவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது.

9. உண்ணிக்குக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துப் பூசச் சொல்வார்கள். சிலர் மண்ணெண்ணெய் பூசுவார்கள். இரண்டுமே நாய்க்கு விஷம், தோல் வழியாகவும் ஏறும், நக்கினாலும் ஏறும். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். சுவர் வெடிப்பில் ஒளிந்திருப்பவற்றையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல், சாப்பாடு இறங்காமை, ஈறு வெளிறுதல் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

10. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 3 மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்கிறபடி விடாமல் போட்டுவாருங்கள். தனியார் மருத்துவமனை கட்டுப்படியாகாவிட்டால் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று கடியை அலட்சியப்படுத்தாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

11. தனியாக விட்டால் செருப்பைக் கடித்துக் குதறுவது பழிவாங்க அல்ல, பதற்றத்தில்தான். முதலில் 2 நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், பிறகு 5, பிறகு 10. கிளம்பும்போது கொஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள்.

12. தீபாவளிக்கு முன்பே கழுத்தில் உங்கள் போன் நம்பர் எழுதிய வில்லையை மாட்டுங்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடுகிற நாய்கள் ஏராளம். அன்று பொழுது சாயுமுன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, டிவியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், இன்னும் வேகமாக ஓடும். தரையில் உட்கார்ந்து, வழக்கமான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

13. என்ன செய்தும் ஒத்துவரவில்லையா? கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், அதில் அவமானம் இல்லை. இரவோடு இரவாக வேறு ஏரியாவில் இறக்கிவிட்டு வருவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த ஏரியா நாய்களும் புது நாயைச் சும்மா விடாது. திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதை நாயை வாங்கும்போதே பேசி, தத்துப் படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.