99.99 நிக்கலில் இரும்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கான கேத்தோடு பொடி செய்யும் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். 99.99% சான்றிதழோடு வந்த நிக்கல் கட்டியில் இரும்பு 5 பி.பி.எம். என்று போட்டிருக்கிறது. அதையே கரைத்து எங்கள் ஐ.சி.பி. மாஸ் கருவியில் வைத்தால் 14 காட்டுகிறது. தவறு சப்ளையருடையதா, எங்களுடையதா?

பதில்: முதலில், மாதிரித் துண்டை எதனால் வெட்டினீர்கள்? எஃகு டிரில், எஃகு ரம்பம் என்றால் என் சந்தேகம் அங்கேதான். ஒரு கிராம் நிக்கலில், கூடுதலாகத் தெரியும் அந்த 9 பி.பி.எம். என்பது 9 மைக்ரோகிராம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள இரும்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலே கிட்டத்தட்ட அந்த எடை வந்துவிடும். துண்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சற்று நேரம் போட்டு மேல்தோல் கரைந்த பிறகு கழுவி, உலர்த்தி, எடை போடுங்கள்.

அடுத்தது பிளாங்க். உலோகம் போடாமல், அதே அமிலத்தை அதே டெஃப்லான் பாத்திரத்தில் அதே நேரம் ஹாட் பிளேட்டில் வைத்து அளக்க வேண்டும். ஒரு கிராமை அரை லிட்டராக்கினால் உங்கள் 5 பி.பி.எம். வெறும் 10 பி.பி.பி. ஆகிவிடுகிறது. அமிலத்திலிருந்தே அதில் பாதி வந்துவிடலாம்.

கருவியும் ஏமாற்றும். இரும்பின் முக்கிய ஐசோடோப்பு 56. பிளாஸ்மாவில் ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தால் 40, 16 கூட்டி அதுவும் 56தான். மோதல் அறையில் ஹீலியமோ ஹைட்ரஜனோ விட்டு அளந்தீர்களா? 58 பக்கம் போகவே வேண்டாம், அது நிக்கலின் இடம்.

சான்றிதழையும் கூர்ந்து படியுங்கள். 99.99 என்பதைப் பெரும்பாலும் யாரும் நேரடியாக அளப்பதில்லை. அளந்த மாசுகளைக் கூட்டி நூறிலிருந்து கழித்த மிச்சம் அது. பட்டியலில் இல்லாத தனிமம் கழிக்கப்படவே இல்லை. ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் பல சமயம் அப்படித்தான் விடுபடுகின்றன. எந்தக் கருவியில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். கிளோ டிஸ்சார்ஜ் மாஸ் கருவி என்றால், கட்டியைக் கரைக்காமல், ஆர்கான் அயனிகளால் மேற்பரப்பைக் கொத்தி, முதல் அடுக்கைக் கழித்த பிறகே எண்ணத் தொடங்குவார்கள். வெட்டுக் கறை அந்தக் கணக்கில் வராது. அப்படியானால் இரண்டு எண்களுமே சரியாக இருக்கலாம்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. பி.பி.எம். என்பது சராசரி, இரும்பு பரவிக் கிடக்கிறதா, ஒரே துகளாக இருக்கிறதா என்று அது சொல்லாது. 2006இல் சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது, செல்லுக்குள் புகுந்த நுண்ணிய உலோகத் துகள்களால்தான். நேர்முனையில் சிக்கிய இரும்புத் துகள் கரைந்து, எதிர்முனையில் படிந்து முளைத்து, 20 மைக்ரான் அளவே தடிமனுள்ள செப்பரேட்டரைத் துளைத்துவிடக்கூடும்.

இத்தகைய துகள்களைக் காந்தத்தால் பிடித்துப் பார்க்கலாம். நிக்கலே காந்தத்தில் ஒட்டும் என்பதால் கட்டியில் இந்தச் சோதனை செல்லாது. கேத்தோடு பொடியில் கட்டாயம் செய்யுங்கள். பொடியைத் தண்ணீரில் கலக்கி, டெஃப்லான் உறையிட்ட காந்தத்தை உள்ளே விட்டு உருட்டுங்கள். காந்தத்தை வெளியே எடுத்துக் கழுவி, அதில் ஒட்டியதை மட்டும் ராஜ திராவகத்தில் கரைத்து அளந்தால், முழுப் பொடியின் சராசரியில் மறைந்துபோன துகள்கள் தனியே தெரியும்.